டிஸ்சார்ஜ் ஃபைலில் என்னதான் எழுதியிருக்கிறது?

காரைக்குடியைச் சுற்றி வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் பிழைப்பு. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், இந்தப் பக்கம் தேவகோட்டை என்று பைக் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஊர்களில் நோயாளி இங்கே இருப்பார், முடிவெடுக்கிற பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நடுவில் ஓர் ஆச்சி, சமைத்துப் போட ஓர் அக்கா, அப்புறம் ஒரு ஃபைல். நான் உள்ளே நுழைந்ததும் ஆச்சி பெரிய கவரிலிருந்து எம்.ஆர்.ஐ. படத்தை உருவி, வளவு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். நான் கேட்பது அதை இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் ‘டயக்னோசிஸ்’ என்று போட்டு அதன் கீழே மூன்று வரி இருக்குமே, அதைத்தான்.

"என்னன்னு சொன்னாங்க ஆச்சி?"

"வாதம்னாங்க தம்பி."

அவ்வளவுதான். கை கால் விழுந்தால் பக்கவாதம், வாய் கோணினால் முகவாதம், கை ஆடினால் நடுக்குவாதம், மூட்டு வீங்கினால் முடக்குவாதம். கடைசியாகச் சொன்னதற்கும் நரம்புக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது, ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே தைலம் தேய்ப்பார்கள். தைலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, தேய்க்கிற சாக்கில் யாராவது கையைத் தொட்டு அசைத்துவிட்டால் சந்தோஷம்தான். என் வருத்தம் அந்த மூன்று வரியைப் பற்றி. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நாளைக் காலையில் அந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், காபியை எப்படிக் கொடுக்க வேண்டும், எதை அவர் காதுபடப் பேசக் கூடாது என்பது வரைக்கும் சொல்கிறது. வாயில் நுழையாத பெயர் என்று மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோம்.

ஒரு சம்மரியை எடுத்துக்கொள்வோம். நான் அடிக்கடி பார்க்கிற மாதிரி ஒன்று: ‘லெஃப்ட் எம்.சி.ஏ. இன்ஃபார்க்ட், ரைட் ஹெமிபரேசிஸ், பிரோக்கா அஃபேசியா, டிஸ்ஃபேஜியா.’

எம்.சி.ஏ. என்பது மூளைக்குப் போகிற ஒரு பெரிய ரத்தக்குழாய். அதன் இடப்பக்கம் கெட்டால் உடம்பின் வலப்பக்கம் விழும், அதனால்தான் ‘லெஃப்ட்’டும் ‘ரைட்’டும். இன்ஃபார்க்ட் என்றால் ரத்தக்குழாய் அடைத்து, அதற்குப் பின்னால் இருந்த மூளைப் பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போனது. இதே இடத்தில் ‘ஹெமரேஜ்’ என்று இருந்தால் குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் கை கால் ஒரே மாதிரிதான் விழும், சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் பிரிக்க முடியும். அடைப்புக்கு ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை கொடுப்பார்கள், கசிவு ஆன புதிதில் அதே மாத்திரை ஆளையே கொண்டுபோய்விடும். "எதிர் வீட்டு அண்ணனுக்கும் இதே வாதம்தான், அவருக்குக் குடுத்த ஆஸ்பிரினையே நாங்களும் குடுத்தோம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. அடைத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன. வாய் ஒரு பக்கம் இழுத்து, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினால், மோர் கொடுத்துப் படுக்க வைத்து மகனுக்கு சிங்கப்பூருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் 108, போன் அப்புறம். சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போக வேண்டும். மதுரைதான் போவோம் என்று முடிவெடுத்துக் கார் டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தால் பாதி நேரம் வீட்டு வாசலிலேயே கரைந்துவிடும்.

அடுத்து ஹெமிபரேசிஸ். ஹெமி என்றால் பாதி, பரேசிஸ் என்றால் பலக்குறைவு. இதற்குப் பதில் ‘பிளீஜியா’ என்று முடிந்திருந்தால் அசைவே இல்லை. இரண்டையும் வீட்டில் "விழுந்துருச்சு" என்றுதான் சொல்வார்கள், ஆனால் என் வேலை தொடங்குகிற இடமே வேறு வேறு. கூடவே ‘பவர் 2/5’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு வீட்டில் படித்த மருமகன் ஒருவர், "அஞ்சுக்கு ரெண்டுன்னா நாற்பது பர்சென்ட், பாஸ் மார்க்தானே சார்" என்றார். நல்ல மனிதர், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்த அளவுகோல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏற்படுத்தியது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று என்றால் தசை லேசாகத் துடிக்கிறது, மூட்டு நகராது. இரண்டு என்றால் மெத்தையில் கையைக் கிடத்தியபடி பக்கவாட்டில் நகர்த்த முடியும், தூக்க முடியாது. மூன்று என்றால் தன் எடையைத் தானே தூக்கும். நாலு கொஞ்சம் எதிர்ப்பைத் தாங்கும், ஐந்து பழைய கை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதுதான் மலை ஏறுகிற மாதிரி. அங்கே வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், அந்த நேரத்தில்தான் "இந்தப் பையன் சரியில்லை, வேற ஆளைப் பாப்பம்" என்று என்னை நிறுத்துவார்கள். காசு கொடுத்து ஆள் வைக்க முடியாத வீடுகளுக்கு 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வருகிறார், கேட்டால் கிடைக்கும், கேட்க வேண்டும்.

இன்னொன்று: சில வாரம் கழித்து அந்தக் கை முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுகி மூடிக்கொள்ளும். பார்ப்பவர்கள் "பலம் வந்துருச்சு, எப்படிப் புடிக்கிறாரு பாரு" என்பார்கள். பலம் இல்லை, ‘ஸ்பாஸ்டிசிட்டி’. மேலிருந்து வருகிற கட்டுப்பாடு போய்விட்டதால் தசை தன்பாட்டுக்கு இறுகுகிறது. பந்தைக் கையில் கொடுத்து நாள் முழுக்க அமுக்கச் சொன்னால் இன்னும் இறுகும். தயவுசெய்து அந்த மஞ்சள் ஸ்மைலிப் பந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இப்போது அஃபேசியா, அதாவது மூளை அடிபட்டு மொழி கெட்டுப்போவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும்.

1861-இல் பாரிஸில் பியர் பால் பிரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஓசைதான் அந்த ஆளின் வாயிலிருந்து வரும், ஆனால் கேட்பது புரியும். அவர் இறந்ததும் மூளையைப் பார்த்தால், இடது பக்கம் முன்புறம் ஓரிடம் சிதைந்திருந்தது. அந்த இடத்துக்குத்தான் இன்றைக்கும் பிரோக்கா பகுதி என்று பெயர். அந்த இடம் கெட்டால் சொல் வெளியே வராது, வந்தாலும் ஒன்று இரண்டு உடைந்து வரும். உள்ளே போவது பெரும்பாலும் சரியாகப் போகும். அதாவது நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, புரிகிறது, நினைவில் நிற்கிறது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீடு. பெரிய வீடு, பங்காளிகள் நிறையப் பேர், பாதி அறை பூட்டிக் கிடக்கிறது. அவருக்கு இதே பிரோக்கா அஃபேசியா. நான் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பேர், இரண்டாம் கட்டுத் தேக்குத் தூணை என்ன விலைக்குக் கொடுக்கலாம், முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர் எவ்வளவு கேட்டார் என்று பேசுகிறார்கள். என் கையில் இருந்த கால் விறைத்தது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணோரம் தண்ணீர். "அவுகளுக்கு என்ன தெரியப் போவுது தம்பி, நீங்க செய்ங்க" என்று எனக்குச் சமாதானம் வேறு. நான் அவரிடம் குனிந்து, "ஐயா, தூணை விக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா? சம்மதம்னா கண்ணை மூடுங்க, இல்லைன்னா என் கையை அமுக்குங்க" என்றேன். நல்லா இருக்கிற இடது கையால் அவர் அமுக்கிய அமுக்கு என் மணிக்கட்டில் ரொம்ப நேரம் இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் அதற்கப்புறம் யாரும் தூண் பேச்சு எடுக்கவில்லை. விற்றார்களா இல்லையா என்பது வேறு கதை.

இதே செட்டியார் முருகன் பாட்டைக் கூடவே பாடுவார். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராது, பாட்டு வரும். சாமி இறங்கிவிட்டதாக ஆச்சி நினைத்தார். ராகத்தோடு வருகிற சொல்லுக்கு மூளையின் வலப்பக்கமும் கைகொடுக்கிறது, பழகிப்போன பாட்டும் எண்ணிக்கையும் கெட்ட வார்த்தையும் பலருக்கு அப்படியே நிற்கும். கெட்ட வார்த்தையைத்தான் யாரும் சாமி என்று சொல்வதில்லை. இந்தப் பாட்டு வழியையே பிடித்துக்கொண்டு பேச்சைத் திருப்பிக் கொண்டுவருகிற பயிற்சி முறையும் இருக்கிறது, ஸ்பீச் தெரபிஸ்டைக் கேளுங்கள்.

சம்மரியில் பிரோக்காவுக்குப் பதில் ‘வெர்னிக்கி’ என்று இருந்தால் எல்லாம் தலைகீழ். 1874-இல் கார்ல் வெர்னிக்கி விவரித்தது. பேச்சு தடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு கொட்டும், அர்த்தம்தான் இருக்காது. நாம் சொல்வதும் அவருக்கு ஏறாது. கை காலும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். இவர்களைத்தான் "புத்தி பேதலிச்சுருச்சு" என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவதாக ‘டிஸ்ஆர்த்ரியா’ என்று ஒன்று, இதில் மொழி முழுசாக இருக்கிறது, நாக்கும் உதடும்தான் குழறுகின்றன. ஒரு பேனாவைக் கொடுங்கள், கை எழுதுகிற நிலையில் இருந்தால் அழகாக எழுதிக் காட்டுவார். மூன்று பேரிடமும் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான், காதுக்கிட்டப் போய்க் கத்துவது. ஃபைலில் எங்கேயும் செவிடு என்று எழுதியிருக்காது.

டிஸ்ஃபேஜியா. அஃபேசியாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற சொல், இது விழுங்குவதில் சிக்கல். "கட்டியா எதுவும் குடுக்கல தம்பி, தண்ணியும் காபியுமாத்தான் குடுக்குறோம்" என்று பாசமாகச் சொல்வார்கள். ஆபத்தே அங்கேதான். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் வேகமாக இறங்குவது, தொண்டை மூடிக்கொள்வதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கொஞ்சம் குழைவாக இருக்கிற கஞ்சி மெதுவாக இறங்கும். ஆளை நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியில், நல்ல பக்கத்து வாயில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. இருமவில்லை என்பதால் சரியாக இறங்குகிறது என்று அர்த்தமில்லை, சிலருக்கு இருமலே இல்லாமல் நுரையீரலுக்குப் போகும். குடித்த பிறகு குரல் கொழகொழவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். வாதத்தில் தப்பித்து நிமோனியாவில் போனவர்களை எனக்குத் தெரியும்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் பேச்சு பெரும்பாலும் தப்பிக்கும். அதனால் "இவருக்கு லேசாத்தான்" என்று நினைப்போம். ஆனால் ஃபைலில் ‘லெஃப்ட் நெக்லெக்ட்’ என்று ஒரு சின்னச் சொல் ஒளிந்திருக்கும். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஐயாவை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே மேசையில் இலை போட்டிருந்தார்கள். நுனி இடப்பக்கம், முறைப்படி. வலப்பக்கம் இருந்த பொரியல், கூட்டு, சோற்றில் வலப்பாதி எல்லாம் துடைத்து வைத்த மாதிரி காலி. நடுவில் கோடு கிழித்தது போல. இடப்பக்கத்தில் உப்பு, மாங்காய் ஊறுகாய், ஒரு வெள்ளைப் பணியாரம், இடப்பாதிச் சோறு, எதிலும் விரல் பட்டிருக்கவில்லை. "உப்பே வைக்கலை, ஊறுகாயும் இல்லை" என்று ஆச்சியிடம் சண்டை. ஆச்சிக்கு ஆத்திரம். "கண்ணு முன்னாடி வச்சிருக்கேன், வேணும்னே பண்றாக தம்பி, எம் மேல உள்ள கோவம்." நான் இலையை அப்படியே பாதி வட்டம் திருப்பி வைத்தேன். "இப்பத்தான் வச்சிருக்கா பாரு" என்று சொல்லி ஊறுகாயைத் தொட்டார்.

கண் கெடவில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இப்படிப்பட்டவர்கள் இடது கன்னத்தைச் சவரம் செய்ய மாட்டார்கள், இடது கை சட்டைக்குள் போகாமல் தொங்கும், சிலர் தங்கள் இடது கையைக் காட்டி "இது யாரோட கை?" என்றே கேட்பார்கள். வேண்டுமென்றே செய்வதில்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஆச்சி முகம் கொஞ்சம் தெளிந்தது. இலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவை வைத்து, "சிவப்பு தெரியிற வரைக்கும் பாத்துட்டுச் சாப்பிடுங்க" என்று பழக்கினோம். பேரப்பிள்ளைகளை இடப்பக்கம் வந்து பேசச் சொன்னோம்.

முகவாதம் சீக்கிரம் முடிகிற விஷயம். ஃபைலில் ‘பெல்ஸ் பால்சி’ என்று இருந்தால் கெட்டது மூளை இல்லை, காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு வருகிற ஏழாவது நரம்பு. நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். பாதி நெற்றி சுருங்காமல், அந்தப் பக்கக் கண்ணும் மூடாமல் இருந்தால் பெரும்பாலும் இது. வாய் மட்டும் கோணி நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கினால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. இப்படி வீட்டில் பார்ப்பது தெரிந்துகொள்ளத்தான், எதுவானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பெல்ஸ் பால்சிக்கும் மாத்திரையை மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் பலன், அதற்குள் மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடக் கூடாது.

நடுக்குவாதத்துக்கு வருகிறேன். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதி வைத்தது. கை ஆடினாலே பார்க்கின்சன் என்று பயப்பட வேண்டாம்: டம்ளரைத் தூக்கும்போது ஆடி, மடியில் வைத்திருக்கும்போது ஆடாமல் இருந்தால் அது பெரும்பாலும் வேறு நடுக்கம். பார்க்கின்சனில் சும்மா இருக்கிற கைதான் அதிகம் ஆடும். நடுக்கத்துக்கு முன்னாலேயே வேறு சில விஷயங்கள் நடந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம். வாசனை தெரியாமல் போகும். மலச்சிக்கல் வரும். எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். தினமும் வரவு செலவு எழுதுகிற பழக்கம் உள்ள ஒருவர் வீட்டில் பழைய கணக்கு நோட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பார்த்தோம். தைப் பொங்கல் செலவு குண்டு குண்டாக இருக்கிறது, அடுத்த இரண்டு வருஷத்து நோட்டில் அதே எழுத்து எறும்பு மாதிரி. டாக்டரிடம் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

இந்த நோயில் ‘ஃப்ரீசிங்’ என்று ஒன்று உண்டு, நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், முக்கியமாக வாசல்படியில். எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை எத்தனை நிலைப்படி என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நிற்பார், பின்னாலிருந்து "வாங்க வாங்க" என்று இழுப்பார்கள், இழுத்தால் விழத்தான் செய்வார். ஆனால் இதே வீட்டில் மருந்தும் இருக்கிறது: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. தானாக வராத நடை, தரையில் ஒரு கோட்டைப் பார்த்துத் தாண்டச் சொன்னால் வந்துவிடும். "அந்தப் பூவைத் தாண்டி அடுத்த கல்லுல காலை வைங்க" என்றால் போதும், அதுவரை அசையாத கால் எழும்பும். புது வீட்டில் ஒரே வெள்ளையாக வழவழவென்று டைல்ஸ் போட்டவர்களுக்கு நான் கலர் டேப் ஒட்டிக் கொடுக்கிறேன். அப்புறம், பூனைக்காலி விதை நல்லது என்று யாராவது கொடுத்தால் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள், அவர் கொடுக்கிற மாத்திரையில் உள்ள லீவோடோபா அந்த விதையிலும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் அளவு எகிறும்.

நரம்புத் தளர்ச்சி என்று ஒன்றைச் சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்களே, எந்த நரம்பியல் டாக்டர் ஃபைலிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதற்காக விற்கிறதுதான் அதிகம். சத்து ஊசி, நரம்பு ஊசி என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். பி12 குறைந்திருந்தால் அது நிஜமாகவே வேலை செய்யும், மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிற சர்க்கரைக்காரர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் குறைய வாய்ப்பு உண்டு, ரத்தத்தில் பார்த்துவிட்டுப் போடலாம். பார்க்காமல் நரம்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால், அதில் உள்ள பி6 அளவு மீறி அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சர்க்கரைக்காரர்களின் ஃபைலில் ‘பெரிஃபெரல் நியூரோபதி’ என்று இருக்கும். மூளையும் தண்டுவடமும் போக, உடம்பெல்லாம் ஓடுகிற நரம்புகள் கெட்டிருக்கின்றன. நீளமான நரம்புதான் முதலில் கெடும், அதனால் கால் விரலில் தொடங்கி சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். ராத்திரியில் எரியும், ஊசி குத்தும், எறும்பு ஊறும். அப்புறம் ஒரு நாள் எரிச்சல் நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நினைப்போம், உணர்ச்சி போயிருக்கும்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் இப்படிப்பட்ட கால்கள் இருக்கின்றன. செருப்பில்லாமல், தார் ரோட்டில். எனக்குத் தெரிந்த ஒரு அப்பச்சி கொப்புளம் உடைந்து, அதில் கல் ஏறி, அது தெரியாமலே நடந்திருக்கிறார். "வலியே இல்லை தம்பி, முருகன் தூக்கிட்டுப் போறான்." நான் பத்து கிராம் அழுத்தம் கொடுக்கிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எப்பத் தொடப் போறீங்க?" என்று கேட்டார்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. குன்றக்குடியில் கிளம்பும்போது கொஞ்ச தூரம் கூட்டத்தோடு நடப்பது, மிச்சத்துக்குப் பின்னால் வருகிற வண்டி, நடக்கிற தூரத்துக்கு மெத்து வைத்த சாக்ஸ், சாயங்காலம் மருமகள் டார்ச் அடித்து விரலிடுக்கு வரைக்கும் பார்த்து இரண்டு பாதத்தையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவது என்று பேசி முடித்தோம். சாக்ஸுக்கு மட்டும் அரை மணி நேரம் வாதாடினார். இரண்டாம் நாள் வந்த போட்டோ மங்கலாக இருந்தது, திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.